கோல் கம்பம் ஏன் சாய்கிறது?



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் பெருமுக்கல் என்னும் ஊர் உள்ளது. ஓய்வு பெற்றபின் நான் வாழ்ந்து வருவது அவ்வூரில்தான். மலையும், மலைமேல் உள்ள பழைய சிவன் கோயிலும் அதன் அடையாளங்கள். மலைச் சரிவில் யானை யானையாகப் பாறைகள் நிற்கின்றன. இதோ உருண்டுவிடும் என்று அஞ்சத்தக்க நிலையில் நிற்பினும், அவை எத்தனையோ புயல்களைக் கண்டும் அசையாதவை. மலையடியில் உள்ள திடலிலோ, பிள்ளைகள் பந்தாடுவதற்கென்று நிறுத்திய இரும்புக் கோல் கம்பம் ஒன்று, அண்மையில் ஒரு சிறுவன் அதில் தொங்கி ஊசலாடியபோது பின்புறம் எழும்பி முன்புறம் சாய்ந்தது. அவன் கையை விட்டுக் குதித்தான்; கம்பம் மீண்டும் தரையில் அமர்ந்தது. உடனிருந்த பிள்ளைகள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லவே இன்று உங்களிடம் பேச முற்பட்டேன்.

பாறை நிற்பதும் கம்பம் சாய்வதும் ஒரே விதியின்படிதான். ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு நேர்கோடு வரைவோம். அக்கோடு அடித்தளத்திற்குள் விழும் வரையில் பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். பாறையின் கோடு அதன் அடித்தளத்தின் நடுவே விழுகிறது. வைக்கோல் வண்டியில் பாரத்தை உயர ஏற்றினால் வண்டி குடை சாய்வதும் இவ்விதியால்தான்.

கால்பந்து ஆட்டத்தின் முழு அளவுக் கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடையது. நிலத்தில் குழி தோண்டி நிலையாக நட்ட கம்பம் பனைமரம் போன்றது. மண்ணே அதனைப் பிடித்துக்கொள்ளும். நம் பள்ளிகளிலோ ஒரே திடலில் காலை வழிபாடும், கபடியும், விளையாட்டு விழாவும் நடைபெற வேண்டியிருக்கிறது. ஆதலால், தூக்கி நகர்த்தக்கூடிய கம்பங்களை வாங்குகிறோம். இவற்றில் கனமான இரண்டு செங்குத்துக் கம்பங்களும் ஒரு குறுக்குக் கம்பமும் முன்னால் நிற்கின்றன. பின்னால் இருப்பவை மெல்லிய சட்டமும் வலையுமே. எனவே ஈர்ப்பு மையம் முன்பக்கத்தை ஒட்டியே அமைந்துவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பத்தின் எடை 100 கிலோ என்றும், ஈர்ப்பு மையம் முன்காலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் 1.4 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் கொள்வோம். கம்பத்தை நிறுத்தி வைக்கும் திருப்புத்திறன் 100 பெருக்கல் 0.3, அதாவது 30. இதனை 2.44 மீட்டர் உயரத்தால் வகுத்தால் சற்றேறக்குறைய 12 கிடைக்கும். நூறு கிலோ இரும்பைக் குறுக்குக் கம்பத்தில் பிடித்து முன்னோக்கிச் சாய்க்கப் பன்னிரண்டு கிலோ இழுப்பே போதும் என்பது இதன் பொருள். நாற்பது கிலோ எடையுள்ள சிறுவன் அதில் தொங்கி, 20 பாகை அளவுக்கு முன்னோக்கி ஊசலாடினால், அவன் உடல் தரும் கிடைமட்ட இழுப்பு ஏறத்தாழ 13 கிலோ. கம்பத்தின் பின்புறம் எழும்ப இதுவே போதும். ஏறக்குறைய 12 பாகை சாய்ந்துவிட்டால் ஈர்ப்பு மையம் முன்காலைக் கடந்துவிடும்; அதன்பின் கம்பம் தன் பாரத்தாலேயே விழும். தரையைத் தொடும்போது குறுக்குக் கம்பம் பெரும் வேகத்தை அடைந்திருக்கும். தொங்கியவன் பெரும்பாலும் மல்லாந்து விழுகிறான். கம்பம் அவன் தலைமீதோ மார்மீதோ இறங்குகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்க நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1979 முதல் 1994 வரையிலான 16 ஆண்டுகளில், நகர்த்தத்தக்க கோல் கம்பங்களால் 21 பேரேனும் உயிரிழந்ததாக அறிவித்தது. இல்லினாய் மாநிலம் இக்கம்பங்களின் பாதுகாப்பிற்காக 2011-இல் தனிச் சட்டமே இயற்றியது. சப்பானில் ஓகாவா நகரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 2017 சனவரியில் கோல் கவிழ்ந்து நான்காம் வகுப்புச் சிறுவன் மாண்டான். நம் நாட்டில் 2025 நவம்பரில், அரியானா மாநிலத்தின் லாக்கன் மாஜ்ரா என்னும் ஊரில், கூடைப்பந்து வளையத்தைத் தாவிப் பிடித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்த 16 வயது வீரன்மீது கம்பம் சரிந்து விழுந்து அவன் உயிர் நீத்தான். அதே வாரத்தில் அம்மாநிலத்தின் பகதூர்கட்டிலும் 15 வயது மாணவன் ஒருவன் அவ்வாறே மறைந்தான். ஆட்டம் வேறாயினும், தொங்கும் கையும் சாயும் இரும்பும் ஒன்றே.

இனி, எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதைக் கூறுகிறேன். நான் தலைமை ஆசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில், ஓர் ஆண்டு சூன் திங்களில், உடற்கல்வி ஆசிரியர் ஒரு குறிப்பை என் மேசையில் வைத்தார். கோல் கம்பங்களுக்கு எட்டு இரும்பு முளைகளும் இரண்டு சங்கிலிகளும் வேண்டும் என்பது அக்குறிப்பு. ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். ஐப்பசியில், ஒருநாள் நண்பகல் இடைவேளையில், எட்டாம் வகுப்புச் சிறுவர் இருவர் கம்பத்தில் தொங்கினர், கம்பம் சாய்ந்தது. ஒருவன் விலகி ஓடிவிட்டான். மற்றவனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவன் படுக்கையில் கிடந்தான். அம்முளைகளின் விலை, அவ்வாண்டு பரிசளிப்பு விழாவிற்கு வாங்கிய மாலைகளின் விலையினும் குறைவு.

சிறுவனின் தந்தை, ஓர் உழவர், என்னைக் காண வந்தார். அவர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “பிள்ளைங்கன்னா தொங்கத்தானே செய்யும், ஐயா” என்றார். எனக்கு ஆறுதலாகவே அவர் அதைச் சொன்னார். எனக்கோ அது தீர்ப்பாகக் கேட்டது. பிள்ளைகள் தொங்குவார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. அறிந்திருந்தும், தொங்கினால் சாயும் பொருளை அவர்கள் நடுவே நிறுத்தி வைத்தவன் நான். ‘தொங்காதே’ என்று பலகை எழுதி மாட்டுவது நன்று. ஆனால் பலகை கம்பத்தைப் பிடித்துக்கொள்ளாது.

கம்பத்தைப் பிடித்துக்கொள்வன யாவை? முதலாவது, முளை. பின்புறத் தரைச் சட்டத்தையும் பக்கச் சட்டங்களையும் மண்ணில் ஆழ அறைந்த இரும்பு முளைகளால் இறுகப் பிணித்தல் வேண்டும். கால்பந்து ஆட்டத்தின் முதல் விதியே, கோல்கள் தரையில் உறுதியாகப் பிணிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறது. நகர்த்தத்தக்க கோலுக்கும் அதில் விலக்கு இல்லை. மழைக்குப்பின் மண் இளகிவிடும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலின்போது, எங்களுக்கு அண்மையில் உள்ள மயிலத்தில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழைக்குப்பின் முளையைக் கையால் அசைத்துப் பாராமல் ஆட்டத்தைத் தொடங்குதல் கூடாது.

இரண்டாவது, எதிர்ப்பாரம். முளை இறங்காத பாறைத் தரையிலும் சிமெண்டுத் தளத்திலும் மணல் மூட்டைகளைப் பின்சட்டத்தில் கட்ட வேண்டும். முன்பு கண்ட கணக்கில், 1.5 மீட்டர் பின்னால் 50 கிலோ மணலைக் கட்டினால் திருப்புத்திறன் 30-உடன் 75 சேர்ந்து 105 ஆகும். சாய்ப்பதற்கு 12 கிலோவிற்குப் பதில் 43 கிலோ இழுப்பு வேண்டும். அதே மூட்டையை முன்காலருகே வைத்தால் பயன் ஏதுமில்லை. பலர் ஒருங்கே தொங்கினால் 43 கிலோவும் தாங்காது. ஆதலால் மூட்டைகளைக் கூட்டுவது நன்று. மூட்டையைச் சும்மா சார்த்தி வைக்காமல் சட்டத்தோடு கட்டிவிடுதல் வேண்டும்.

மூன்றாவது, ஆட்டம் முடிந்தபின் செய்யும் காவல். விபத்துகள் ஆட்டத்தின்போது மட்டும் நேர்வதில்லை. எவரும் பாராத இடைவேளையிலும் விடுமுறையிலும் நேர்கின்றன. எனவே, கம்பத்தை வேலியோடு சங்கிலியிட்டுப் பூட்டலாம். இரு கோல்களை முகத்தோடு முகம் சேர்த்துப் பிணைக்கலாம். பெரியவர்கள் சேர்ந்து முன்புறம் தரையில் படும்படி மெல்லப் படுக்க வைக்கலாம். படுத்திருப்பது மேலும் விழுவதற்கில்லை. நகர்த்தும் வேலையைச் சிறுவர்களிடம் ஒருபோதும் விடலாகாது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. நாளை திடலுக்குச் சென்றதும், கோல் கம்பத்தின் பின்சட்டத்தைக் குனிந்து பாருங்கள். முளை இருக்கிறதா, மூட்டை இருக்கிறதா, துரு அரித்திருக்கிறதா என்று நோக்குங்கள். இல்லையெனில், உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று அவர் கூறினால், பெருமுக்கலில் ஒரு கிழவர் அப்படித்தான் எழுதினார், பின்னர் வருந்தினார் என்று பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்த் திடலில், அன்று மாலையே பிள்ளைகளும் நானும் நான்கு சாக்குகளில் மணல் அள்ளி வந்து பின்சட்டத்தில் கட்டினோம். மறுநாள் அச்சிறுவன் மீண்டும் தொங்கிப் பார்த்தான். கம்பம் அசையவில்லை. தொங்கியதற்காக அவனைக் கடிந்துகொண்டேன். அசையாததற்காக உள்ளூர மகிழ்ந்தேன்.