ராஜபாளையம் நாய்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய வேட்டை நாய் இது. பால்வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, தொங்கும் காது. உயரம் ஏறத்தாழ 65 முதல் 75 செ.மீ. காட்டுப்பன்றியைத் துரத்தி மடக்குவதற்கென்றே வளர்க்கப்பட்டது. நீண்ட கால்களும் ஆழ்ந்த மார்பும் அந்த ஓட்டத்துக்கு ஏற்றவை.

வேட்டையைச் சட்டம் தடுத்த பின் தோட்டக் காவல் இதன் வேலையாயிற்று.

வளர்ப்பவரிடம் குழையும், அந்நியரை அண்டவிடாது. நாளெல்லாம் கட்டிப்போடுவது இதற்குச் செய்யும் கொடுமை, ஓட இடம் வேண்டும். தூய வெள்ளை நிறத்தையே விரும்பித் தேர்ந்து வளர்த்ததால், குட்டிகள் சில பிறவியிலேயே காது கேளாமல் பிறக்கின்றன.

இந்த இனத்தைக் காக்கத் தமிழக அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராம்பூர், முதோல் வேட்டை நாய்களோடும் இமாலய ஆட்டுக்காவல் நாயோடும் ராஜபாளையமும் இடம்பெற்றது.