மூளையில் பாடம் பதியும் விதம்

புதிய செய்திகளை நிலையான நினைவாக மாற்றுவது மூளையின் இருபுறமும் உள்ள ஹிப்போகாம்பஸ் என்ற சிறிய வளைந்த பகுதி. இதை உணர்த்தியவர் அமெரிக்கரான ஹென்றி மொலேசன். கடும் வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில் அவருக்கு நடந்த அறுவை சிகிச்சையில் இப்பகுதியில் கணிசமான பாகம் அகற்றப்பட்டது. வலிப்பு குறைந்தது, ஆனால் புதிதாகச் சந்தித்தவர்களை நினைவில் வைத்துக்கொள்ள இயலவில்லை.

ஓர் எண்ணை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கும்வரை அது அவரிடம் நின்றது. கவனம் வேறு பக்கம் திரும்பியதும் எண் மட்டுமல்ல, எண் சொல்லப்பட்டதே மறந்துபோனது. கவனம் செய்தியைத் தாங்கிப் பிடிக்கும். சேமிப்பது வேறு வேலை. இதைவிட வியப்பானது உளவியலாளர் பிரெண்டா மில்னரின் சோதனை. கண்ணாடிப் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரைவதில் மொலேசன் நாளுக்கு நாள் தேர்ந்தார். முந்தைய நாள் வரைந்ததோ நினைவிலேயே இல்லை. கைப்பழக்கத்தை மூளை வேறு பாதையில் கற்கிறது.

நினைவு பதிவதில் உணர்ச்சிக்கும் பங்கு உண்டு. உணர்ச்சியைக் கவனிப்பது ஹிப்போகாம்பஸை ஒட்டியுள்ள அமிக்டாலா. அச்சமோ மகிழ்ச்சியோ பொங்கும்போது அந்த நிகழ்வின் பதிவை இது வலுவாக்குகிறது. நீடித்த பதற்றமோ ஹிப்போகாம்பஸின் வேலையையே கெடுக்கும். பிரம்புக்குப் பயந்து படிக்கும் குழந்தையின் கவனம் முழுவதும் பிரம்பின் மேல் இருக்கிறது. பாடம் பதிய வழியில்லை.