‘சாப்பிட்டியா?’ என்ற ஒரு கேள்வி: கடல் கடந்து நிற்கும் வீரருக்கு வீடு தரும் பலம் என்ன?

தெற்கு சூடானிலோ லெபனானிலோ ஐ.நா. அமைதிப் படையில் பணியாற்றும் ஓர் இந்திய வீரருக்கு வீட்டிலிருந்து போன் வந்தால், முதல் கேள்வி என்னவாக இருக்கும்? “சாப்பிட்டியா?” கேட்கிறவருக்கு அது பழக்கதோஷம். கேட்கப்படுகிறவருக்கு அது அன்றைய நாளின் மருந்து. இதை வெறும் சென்டிமென்ட் என்று ஒதுக்கிவிட முடியாது. போர்க்கள மனநலம் பற்றிய ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன.

எத்தனை பேர் போகிறார்கள்?

1950-களில் கொரியாவில் தொடங்கி இன்றுவரை 50-க்கும் மேற்பட்ட ஐ.நா. பணிகளில் சுமார் 2.9 லட்சம் இந்தியர்கள் பங்கேற்றிருக்கிறார்கள். ஏறத்தாழ 180 பேர் உயிர்த் தியாகம் செய்திருக்கிறார்கள். 2007-ல் லைபீரியாவுக்குப் போன இந்தியாவின் முழுக்கப் பெண்கள் கொண்ட காவல் பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஐ.நா. வரலாற்றில் அப்படி ஒரு பிரிவு அதுதான் முதல்முறை.

ஒரு படைப்பிரிவு பொதுவாகச் சுமார் ஓராண்டு வெளிநாட்டில் தங்கும். எல்லையில் இருப்பவர் அவசரம் என்றால் ரயிலோ விமானமோ பிடித்து வந்துவிடலாம். கண்டம் தாண்டிப் போனவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை. தெற்கு சூடான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அவர் ரோந்து முடித்து வந்து போனை எடுக்கும்போது இங்கே குழந்தை தூங்கியிருக்கும்.

வீட்டு ஆதரவு மனநலத்தை எப்படிக் காக்கிறது?

பயங்கரமான அனுபவங்களுக்குப் பிறகு சிலருக்கு ‘பி.டி.எஸ்.டி.’ எனப்படும் மன அழுத்தப் பாதிப்பு வருகிறது. தூக்கம் கெடும், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வரும், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போடும். ஒரே சம்பவத்தைப் பார்த்த இருவரில் ஒருவர் மீண்டு வருகிறார், இன்னொருவர் மீள்வதில்லை. ஏன்? 2000-ல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வு, 77 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலுவாகத் தெரிந்த காரணிகளில் ஒன்று, சுற்றியிருப்பவர்களின் ஆதரவு இல்லாமல் போவது. குழந்தைப் பருவ அனுபவம், கல்வி போன்றவற்றைவிட இதன் தாக்கம் பெரிதாக இருந்தது.

கடிதமா, வீடியோ காலா?

பணி முடிந்து திரும்பிய, திருமணமான அமெரிக்க வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. அதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை.

ஒன்று: மணவாழ்க்கையில் திருப்தியாக இருந்தவர்களிடம், வீட்டுத் தொடர்பு அதிகமாக இருந்தபோது பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் குறைவாக இருந்தன. திருப்தி குறைவாக இருந்தவர்களிடம் நிலைமை நேர் எதிர். எத்தனை முறை பேசுகிறோம் என்பது மட்டும் போதாது. பேச்சு எப்படிப்பட்டது என்பதும் முக்கியம்.

இரண்டு: இந்தத் தொடர்பு கடிதம், இமெயில், பார்சல் போன்றவற்றில்தான் தெளிவாகத் தெரிந்தது. போன் காலிலும் சாட்டிலும் அப்படித் தெரியவில்லை. இது காரண காரியத்தை நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் யோசித்தால் புரிகிறது. போன் பேச்சு அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், ராத்திரி மறுபடி எடுத்துப் படிக்கலாம். எழுதுகிறவரும் நிதானமாக யோசித்து எழுதுவார். கோபத்தில் வாய்தவறிப் பேச இடமில்லை.

ராணுவங்களுக்கு இது பழைய பாடம். முதல் உலகப் போரில் பிரான்ஸில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் படித்துப் பார்க்கவே தணிக்கை அலுவலகம் இயங்கியது. அதை ஏமாற்ற, இந்திய வீரர்களைக் ‘கருமிளகு’ என்றும் வெள்ளையர்களைச் ‘செம்மிளகாய்’ என்றும் குறிப்பிட்டு ஊருக்கு எழுதியவர்கள் உண்டு! சுதந்திர இந்தியாவும் காசா, காங்கோ பணிகளுக்காகத் தபால்தலைகளில் தனியே அச்சிட்டு வழங்கியது. இன்றும் ‘56 ஏ.பி.ஓ.’, ‘99 ஏ.பி.ஓ.’ என்ற முகவரிகளுக்குப் போகும் கடிதங்கள், வீரர் எங்கே இருக்கிறார் என்று வெளியில் காட்டாமலே அவரைச் சென்றடைகின்றன.

போன் வரவில்லை என்றால்?

வீட்டில் இருப்பவர்களை அதிகம் வதைப்பது மௌனம்தான். ஒரு விஷயம் தெரிந்திருந்தால் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். அமெரிக்க ராணுவத்தில் ‘ரிவர் சிட்டி’, பிரிட்டிஷ் ராணுவத்தில் ‘ஆப் மினிமைஸ்’ என்று ஒரு நடைமுறை உண்டு. முகாமில் யாருக்காவது பெரிய காயமோ மரணமோ நேர்ந்தால், சொந்தத் தொடர்புகள் எல்லாம் துண்டிக்கப்படும். அந்தக் குடும்பத்துக்கு முறைப்படி தகவல் போய்ச் சேர்ந்த பிறகுதான் மீண்டும் இணைப்பு. முகநூலைப் பார்த்து ஒரு மனைவி தன் கணவரின் மரணத்தைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இது. ஆகவே மௌனம் என்றாலே கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை. டவர் இல்லாமல் இருக்கலாம்; நீண்ட ரோந்தில் இருக்கலாம்.

கெட்ட செய்தியைச் சொல்லலாமா?

“அவன்கிட்ட சொல்லாதீங்க, பாவம் தூரத்துல இருக்கான்” என்பது நம் வீடுகளின் வழக்கம். ஆனால் மறைத்தது எப்படியும் கசியும். பக்கத்து வீட்டுப் பையனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போதும். அதன்பிறகு ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று நீங்கள் சொல்வதை அவர் நம்பமாட்டார். இதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்வது நல்லது: எதை உடனே சொல்வது, எதை வந்த பிறகு பேசுவது, பணம், மருத்துவம் யார் பொறுப்பு? சொல்லும்போது, பிரச்சினையோடு அதற்கு என்ன செய்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “அப்பாவுக்கு முடியல” என்று மட்டும் சொன்னால் அவர் பதறிப்போவார். “அப்பாவுக்குக் காய்ச்சல், அட்மிட் பண்ணியாச்சு, மாமா கூட இருக்கார்” என்றால் அவர் அன்று கொஞ்சமாவது தூங்குவார்.

நிலத் தகராறு வந்தால்?

வீரர்களின் பெரிய கவலைகளில் ஒன்று ஊரில் உள்ள நிலம். ‘அவன் இல்லாத நேரம்’ பார்த்து வரப்பைத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்கு 1925-லேயே இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம் வந்துவிட்டது. கடல் கடந்த பணியில் உள்ள வீரர், ஆஜராக முடியாமலும் அவர் தரப்பில் யாரும் இல்லாமலும் இருந்தால், ராணுவ அதிகாரியின் சான்றின்பேரில் வழக்கைத் தள்ளிவைக்க அது வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலும் குடும்பத்தினர் உதவி கேட்கலாம்.

மற்றவர்கள் என்ன செய்யலாம்?

ஆப்கானிஸ்தான் போரின்போது, முகம் தெரியாத வீரர்களுக்கு பிரிட்டன் மக்கள் பார்சல்களை அனுப்பிக் குவித்தார்கள். அதனால் குடும்பத்தினர் அனுப்பிய பார்சல்கள் தாமதமாயின. கடைசியில் அரசே ‘தயவுசெய்து வேண்டாம், தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுங்கள்’ என்று கேட்டுக்கொண்டது. அன்பும் சரியான முகவரிக்குப் போக வேண்டும்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா? வீரரின் முகாம் படத்தையோ இடத்தையோ ஸ்டேட்டஸில் போடாதீர்கள், அது ஆபத்து. அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒரு நாள் ஒதுக்குங்கள். பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்கு ஆள் இல்லை என்றால் கூடப் போய் உட்காருங்கள். பிறகு அந்தச் செய்தி அடுத்த போன் காலில் அவருக்குத் தானாகப் போய்ச் சேரும்.