கண்ணாடித் தோல்

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், போரூரில், டபிள்யூ.எஸ். இண்டஸ்ட்ரீஸ் ஆலை பல பத்தாண்டுகள் உயர் மின்னழுத்தத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர்களைச் செய்துவந்தது. துணைமின் நிலையங்களில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்குமே, அவைதான். களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்த உடலை 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் சுட்டால் பீங்கான் இறுகும். மேல்பூச்சு உருகிக் கண்ணாடியாகும். இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் அதற்குப் பழுப்பு நிறம் தரும். தூசியும் ஈரமும் சேர்ந்தால் மேற்பரப்பில் மின்சாரம் ஊரும். பூச்சு வழவழப்பாக இருந்தால் மழையே தூசியைக் கழுவிவிடும்.

பூச்சின் பெரிய வேலை வேறு. அதன் கலவையை, ஆறும்போது உடலைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி அமைப்பார்கள். அதிகம் சுருங்கும் உடல், பூச்சை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடி நெருக்கத்தைத் தாங்கும், இழுத்தால் கிழிந்துவிடும். நெருக்கத்தில் இருக்கும் தோலில் கீறல் எளிதில் பரவாது, அதனால் இன்சுலேட்டரின் வலுவே கூடுகிறது. பழைய டீக்கோப்பையில் வலைபோல் ஓடும் கறைக்கோடுகள், பூச்சு இழுபட்டுப் போனதன் அடையாளம்.

ஜப்பானின் பழைய எனாமல் ஜாடிகளும் இந்த விதிக்குள் பிறந்தவைதான். 1830களில் நகோயா பக்கம் காஜி ட்சுனேகிச்சி என்பவர், கடல்கடந்து வந்த ஓர் எனாமல் தட்டைப் பிரித்துப் பார்த்து இந்த வித்தையைக் கற்றார். செம்பு ஜாடியின்மேல் மெல்லிய கம்பிகளைக் கோலமாக வளைத்து ஒட்டி, இடையிலுள்ள அறைகளில் வண்ணக் கண்ணாடித் தூளை நிரப்பி, சுமார் 800 டிகிரியில் சுடுவார்கள். உருகிய தூள் பள்ளமாகும். மறுபடி நிரப்பி மறுபடி சுடவேண்டும். கடைசியில் நாள்கணக்காகத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கியோட்டோவின் நமிகாவா யசுயுகி ஜாடிகளில் வரும் ஆழ்ந்த கறுப்பு, அந்தப் பொறுமையின் உச்சம் என்பேன்.

செம்பு ஆறும்போது அதிகம் சுருங்குவதால் எனாமல் நெருக்கத்தில் நிற்கும். அளவு மீறினால் செதிலாகப் பெயரும். வெளியே மட்டும் பூசினால் தகடு கோணும் என்பதால் ஜாடியின் உட்புறத்திலும் எனாமல் பூசினார்கள்.

1870களில் ஜப்பானியக் கைவினைஞர்கள் இன்னொரு படி போனார்கள்: பீங்கான் ஜாடிமேலேயே கம்பி வைத்து எனாமல் வார்த்தார்கள். என்னை அதிகம் வியக்கவைப்பது இந்தத் துணிச்சல்தான். சூட்டில் பீங்கானைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிந்து சுருங்கும் பொருள் செம்பு. செம்புக்கென்று பழகிய கண்ணாடிக் கலவையைப் பீங்கானில் வைத்தால், ஆறும்போது அதுவே அதிகம் சுருங்கி இழுபட்டுக் கிழியும். விரிவைக் கணக்கிடும் கருவி பட்டறையில் இல்லை. எந்தக் கலவை பீங்கானோடு ஒத்துப்போகும் என்பதை ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாகச் சுட்டுச் சுட்டே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.