விளையாட்டின் கணக்கில் வராத செலவு

இரண்டாம் உலகப் போரைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் என்றாலே துப்பாக்கிச் சத்தம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அவற்றுள் 'நிகழ்நேர உத்தி' வகை வேறுபட்டது. இதில் ஆடுபவர் சிப்பாய் அல்லர், தளபதி. சதுரங்கத்தைப் போல முறை வைத்து நகர்த்துவதும் கிடையாது. இரு தரப்பும் ஒரே வேளையில் இயங்குகின்றன. பொருளியல் கற்பித்த எனக்கு இவை பற்றாக்குறை குறித்த பாடங்களாகவே தெரிகின்றன.

2006-இல் வெளியான 'கம்பெனி ஆஃப் ஹீரோஸ்' 1944-ஆம் ஆண்டின் நார்மண்டிப் போரைக் காட்டுகிறது. ஆள்பலம், வெடிபொருள், எரிபொருள் என அதில் மூன்றே வளங்கள். ஒரு நிலப்பகுதியைக் கைப்பற்றினால் அதன் வளம் கிடைக்கும். ஆனால், அப்பகுதி தலைமையகத்துடன் தொடர்ச்சியாக இணைந்திருக்க வேண்டும். இடையிலுள்ள பகுதியை எதிரி பறித்துவிட்டால் வரத்து நின்றுவிடும். படை பெருகப் பெருக, பராமரிப்புச் செலவால் புதிய ஆள்பலம் சேரும் வேகம் குறையும். வாய்ப்புச் செலவு என்ற கருத்தை இதைவிட எளிதாக விளக்குவது கடினம்.

வரலாறும் இதை உறுதிசெய்கிறது. 1944 ஆகஸ்ட் இறுதியில் ஜெனரல் பேட்டனின் படை பிரான்ஸின் மியூஸ் நதியருகே நின்றதற்கு முதன்மைக் காரணம் எரிபொருள் தட்டுப்பாடு. 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' என்ற லாரி அணி இரவும் பகலும் பொருள்களைச் சுமந்தது. அதன் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கறுப்பின அமெரிக்கர்கள்.

எனினும், இந்த விளையாட்டின் கணக்கில் பெரும் குறை ஒன்று உண்டு. ஆள்பலம் அதில் நேரம் செல்லச் செல்லத் தானாகவே சேர்கிறது. எந்த வயலிலிருந்து, எந்த வீட்டிலிருந்து அது வந்தது என்ற கேள்வி எழுவதே இல்லை. உண்மையான போரில் அந்த வளங்களுக்கு யாரோ விலை கொடுத்தார்கள். 1943-இல் வங்கத்தில் போர்க்காலச் செலவினங்கள் அரிசி விலையை உயர்த்தின. விவசாயக் கூலிகளின் ஊதியம் அதற்கு ஈடாக உயரவில்லை. அப்பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டதாக அமர்த்தியா சென் மதிப்பிட்டார். மாண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் போர்க்களத்தையே கண்டிராதவர்கள்.

இவ்விளையாட்டுகளைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் கூறவில்லை. திட்டமிடலையும் சிக்கனத்தையும் அவை இளைஞர்களுக்கு நன்றாகவே கற்பிக்கின்றன. ஆனால், வெற்றிக்குப் பின் திரையில் தோன்றும் புள்ளிவிவரத்தில் இடம்பெறாத மனிதர்களைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். போரின் வரவை மட்டும் அறிந்து செலவை அறியாத தலைமுறை, அடுத்த போரை மலிவானதென எண்ணிவிடக்கூடும்.