பாய்மரப் பயிற்சிக் கப்பலின் பகலும் இரவும்

கப்பல்களை இயந்திரம் செலுத்தத் தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகியும், உலகின் பல கடற்படைகள் தம் மாணவர்களுக்கு இன்றும் பாய்மரக் கப்பலில் பயிற்சி அளித்து வருகின்றன. இந்தியக் கடற்படையில் இப்பணிக்கென இரு கப்பல்கள் உள்ளன: 1997 நவம்பரில் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். தரங்கிணி, 2012 ஜனவரியில் சேர்ந்த ஐ.என்.எஸ். சுதர்ஷிணி. இரண்டும் கோவா கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை. இரண்டுக்கும் கொச்சியே தாய்த் துறைமுகம். தரங்கிணி 2003 ஜனவரியில் கொச்சியை விட்டுக் கிளம்பி, உலகைச் சுற்றி, 2004 ஏப்ரலில் திரும்பி வந்தது. சுதர்ஷிணி 2012 செப்டம்பரில் புறப்பட்டுத் தென்கிழக்கு ஆசியாவின் ஒன்பது நாடுகளில் 13 துறைமுகங்களைத் தொட்டு, ஏறத்தாழ 12,000 கடல் மைல் கடந்து, 2013 மார்ச்சில் கரை சேர்ந்தது. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர் ஆகையால், அந்தத் தொலைவு 22,000 கிலோமீட்டருக்கும் அதிகம்.

சுதர்ஷிணியின் நீளம் 54 மீட்டர்தான். அதற்குள் ஐந்து அதிகாரிகள், 31 மாலுமிகள், 30 பயிற்சி மாணவர்கள் வாழ இடம் உண்டு. மூன்று பாய்மரங்களில் 20 பாய்கள் விரிகின்றன. அவற்றை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் ஏழரை கிலோமீட்டர் நீளக் கயிறு கப்பலெங்கும் ஓடுகிறது. முன்னிரு மரங்களில் பருமல் எனப்படும் குறுக்குக் கழிகளிலிருந்து தொங்கும் சதுரப் பாய்கள் பின்னாலிருந்து வரும் காற்றை முழுதாக வாங்கிக்கொள்ள, கப்பலின் நெடுக்குவாட்டில் கட்டப்படும் முக்கோணப் பாய்கள் பக்கக் காற்றிலும் கப்பலை முன்னே செலுத்துகின்றன. பாயை உயர்த்தும் ஆஞ்சான் கயிறு எது, அதன் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு எது என்பதை மாணவர் முதல் நாட்களிலேயே மனப்பாடம் செய்துவிட வேண்டும். நள்ளிரவு மழையில், விளக்கில்லாத மேல்தளத்தில், கை தானாகச் சரியான கயிற்றைத் தேடிப் பிடிக்கும் நிலை வரும்வரை அந்தப் பாடம் முடிவதில்லை.

கப்பலின் நாளை உண்மையில் ஆள்வது ‘வாட்ச்’ எனப்படும் முறைப்பணியாகும். நாள் முழுவதும் நான்கு மணி நேரக் கூறுகளாகப் பிரிக்கப்பட, மாணவர்களும் மாலுமிகளும் குழுக்களாகப் பிரிந்து அவற்றை மாறி மாறி ஏற்கின்றனர். மூன்று குழுக்கள் இருந்து, நாளும் ஆறு கூறுகளாகவே இருந்தால், நள்ளிரவு முதல் விடியற்காலை நான்கு மணி வரையிலான கடினமான கூறு பயணம் முழுதும் ஒரே குழுவின் தலையில் விழும். அதைத் தவிர்க்கவே மாலை நான்கு முதல் எட்டு வரையிலான கூறு மட்டும் இரண்டிரண்டு மணி நேரமாகப் பிளக்கப்பட்டு, ஒரு நாளில் ஏழு கூறுகள் ஆக்கப்பட்டன. அதனால் ஒவ்வொரு குழுவின் நேரமும் நாள்தோறும் நகர்ந்துகொண்டே போகிறது. பல தலைமுறை மாலுமிகள் கண்டறிந்த இந்த எளிய கணக்கில் இருக்கும் நியாய உணர்வு வியக்கத்தக்கது.

முறைப்பணியில் இருப்பவருள் ஒருவர் சுக்கானைப் பிடிக்கிறார். ஒருவர் அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், நின்று மீன்பிடிப் படகுகளின் விளக்கையோ மிதக்கும் மரக்கட்டையையோ கவனிக்கிறார். மற்றொருவர் கப்பலின் அடித்தளம் வரை சென்று நீர்க்கசிவோ தீப்பொறியோ உண்டா என்று பார்த்து வருகிறார். காற்றின் திசை, வேகம், மேகம், காற்றழுத்தம் ஆகியவை உரிய நேரத்தில் குறிப்பேட்டில் ஏறுகின்றன. கீழ்த்தளத்தின் குறுகிய படுக்கையில் ஒரு மாணவர் அச்சமின்றி உறங்குவதற்கு, மேல்தளத்தில் அவர் வயதையொத்த இன்னொருவர் விழித்திருப்பதே காரணம் என்பதை எந்த விரிவுரையும் இவ்வளவு தெளிவாகக் கற்பித்துவிட முடியாது. நான்கு மணிக்கு எழுப்பப்படுபவர் ஐந்து நிமிடம் தாமதித்தால், அந்த ஐந்து நிமிடமும் முன்னவரின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பாய்மரப் பயிற்சியின் முதன்மையான பயன் இதுவென்றே கூறலாம்.

பாய்மரம் ஏறுவதே பார்ப்போருக்கு அச்சம் தரும் பணியாகத் தோன்றும். இடுப்பில் பாதுகாப்பு வாரைக் கட்டிக்கொண்டு, கயிற்றேணியில் ஏறி, பருமலுக்குக் கீழே தொங்கும் மிதிகயிற்றில் நின்றபடி, வயிற்றைக் கழியோடு அழுத்திக்கொண்டு பாயைச் சுருட்டிக் கட்ட வேண்டும். ஏறுவது எப்போதும் காற்று வரும் பக்கத்திலிருந்துதான். ஏனெனில் கப்பல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கையில் அந்தப் பக்கத்துக் கயிற்றேணி சரிவாகி, காற்றும் உடலை ஏணியோடு சேர்த்து அழுத்துகிறது. மேலே பத்துப் பேர் ஒரே மிதிகயிற்றில் நிற்கும்போது ஒருவர் கால் மாற்றினால் அது மற்றவர் காலுக்கும் தெரிகிறது.

வெப்ப மண்டலக் கடல் இந்த வாழ்வுக்குத் தனித்தன்மை சேர்க்கிறது. தொடக்க நாட்களில் பெரும்பாலோரை வாட்டுவது கடற்குமட்டல்: காதின் உட்பகுதி உணரும் அசைவும் கண் காணும் காட்சியும் ஒவ்வாமல் போவதால் விளையும் தொல்லை அது; அடிவானத்தைப் பார்த்தபடி திறந்தவெளியில் நிற்பதும், வெறும் வயிறாக இராமல் உலர்ந்த உணவைச் சிறிதளவு உண்பதும் அதைத் தணிக்கும். அதன்பின் வெயில் வருகிறது. நிலநடுக்கோட்டை நெருங்குகையில் காற்று நாட்கணக்கில் ஓய்ந்துபோகும் பகுதி உண்டு. அங்கே பாய்கள் தொய்ந்து தொங்க, டீசல் இயந்திரத்தின் துணையை நாட வேண்டியிருக்கும். அதே பகுதியில்தான் கரிய மேகத்தோடு சூறைக்காற்று திடீரென வந்து, அரை மணி நேரம் கொட்டி, வந்த வேகத்திலேயே விலகிப் போகும். மேகத்தின் அடிவிளிம்பைப் பார்த்துப் பாயை முன்கூட்டியே குறைக்கத் தெரிவது அங்கே உயிர்காக்கும் அறிவு. நன்னீர் எண்ணிச் செலவழிக்கப்படுகிறது. காய்கறிகளில் கீரையும் தக்காளியும் முதலில் தீர்ந்துபோக, உருளைக்கிழங்கும் வெங்காயமும் பூசணியும் நெடுநாள் தாங்குகின்றன.

காற்றழுத்தமானி சொல்லும் செய்தி இம்மண்டலத்துக்கே உரியது. இங்கே காற்றழுத்தம் நாள்தோறும் காலையும் இரவும் ஏறத்தாழ பத்து மணிக்கு உயர்ந்தும், மாலையும் விடியலுக்கு முன்னும் ஏறத்தாழ நான்கு மணிக்குத் தாழ்ந்தும், ஒழுங்காக ஏறி இறங்குகிறது. அந்த ஒழுங்கு குலைந்து, அந்த நேரத்துக்குரிய வழக்கமான அளவைவிட மூன்று மில்லிபார் தாழ்ந்தால் புயல் அருகில் இருக்கலாம் என்று மாலுமி ஐயுற வேண்டும். மாணவர் சலிப்போடு எழுதும் குறிப்பேட்டு எண்கள் அப்போதுதான் பொருள் பெறுகின்றன.

வானமும் பாடமாகிறது. செயற்கைக்கோள் வழிகாட்டி இருந்தாலும், செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியைக் கொண்டு சூரியனையும் விண்மீன்களையும் அளந்து கப்பலின் இடத்தைக் கணிக்க மாணவர் கற்கின்றனர். துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் வட அகலாங்கு. சேலம் அஸ்தம்பட்டியில் மொட்டைமாடியில் நின்று, சேர்வராயன் மலைத்தொடர் இருக்கும் வடதிசையை நோக்கினால், அந்த விண்மீன் பதினொன்றரை பாகை அளவே உயர்ந்து நிற்கும். கொச்சியில் அது பத்துப் பாகை. சுதர்ஷிணி முதலில் தொட்ட அயல்துறையான சுமத்ராவின் பாடாங் நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால், அங்கே போய்ச் சேரும்போது அது அடிவானத்தில் மறைந்துவிடுகிறது. இம்மண்டலத்தில் அந்திப்பொழுது குறுகியது. விண்மீனும் அடிவானக் கோடும் ஒருசேரத் தெரியும் நேரம் அரை மணிக்கும் குறைவு. அதற்குள் பல விண்மீன்களை அளந்தாக வேண்டும். நண்பகலில் வேறொரு இடர்: சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் அதை எந்தத் திசை அடிவானத்தோடு சேர்த்து அளப்பது என்பதே குழப்பமாகிறது. சேலத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும் நட்ட கம்பத்தின் நிழல் நண்பகலில் காலடிக்குள் ஒடுங்குவதும் இதே காரணத்தால்தான்.

இத்தகைய கல்வியில் ஆபத்து இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஜெர்மனியின் ‘பாமிர்’ என்னும் பாய்மரக் கப்பல் 1957 செப்டம்பரில் அட்லாண்டிக் புயலில் மூழ்கியபோது, அதிலிருந்த 86 பேரில் 80 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளம் பயிற்சி மாணவர்கள். ஆயினும் அந்நாட்டுக் கடற்படை அடுத்த ஆண்டே புதிய பாய்மரப் பயிற்சிக் கப்பல் ஒன்றைக் கடலில் இறக்கியது. பயிற்சியைக் கைவிடாமல் பாதுகாப்பை வலுப்படுத்துவதே சரி என்ற அம்முடிவு, கல்வி குறித்துச் சிந்திப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

தமிழருக்கு இக்கலை இரவல் பொருளன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் செலுத்திச் சென்று 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர். அவர்கள் பாடநூலில் படித்து அதைக் கற்றவர்கள் அல்லர். தந்தையும் மாமனும் சொல்லக் கேட்டு, காற்றில் நின்று கற்றவர்கள். அந்தக் குடும்பப் பள்ளிகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்ட நிலையில், பயிற்சிக் கப்பலே அவ்வறிவு தலைமுறை தாண்டுவதற்கு எஞ்சியிருக்கும் வழிகளுள் ஒன்றாக இருப்பதால், அதை வெறும் கௌரவச் சின்னமாகக் கருதுவது தவறாகும்.

கடலோரத்தில் பிறக்காதவர்க்கும் இவ்வழி திறந்தே உள்ளது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தோர், மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வின் மூலம் கடற்படைப் பிரிவில் சேர முயலலாம். உச்ச நீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டு உத்தரவையடுத்து 2022 முதல் பெண்களும் அக்கழகத்தில் பயின்று வருகின்றனர். கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் இந்தியக் கடற்படைக் கழகம் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்து ஏழிமலையில் உள்ளது. அதற்கு அருகிலுள்ள பையனூர் ரயில் நிலையத்துக்கு, சேலம் சந்திப்பு வழியே மங்களூர் செல்லும் ரயிலிலேயே போய் இறங்கலாம்.