கச்சான் கரை – 17: பார் இருக்கும்வரை தீவு

ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்த 2017 நவம்பர் 30 அன்று, நம் குமரி மாவட்டத்தில் தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள ஊர்களின் விசைப்படகுகளில் பல அரபிக் கடலில் வெகுதூரத்தில் இருந்தன. சுறாவுக்கும் சூரைக்கும் நாள்கணக்கில் தங்கல் போகும் படகுகள் அவை. கரையிலிருந்து ஒரு சொல் எச்சரிக்கை அனுப்பவும் வழியில்லை. புயல் இங்கிருந்து வடமேற்காக நகர்ந்து, டிசம்பர் 2 வாக்கில் லட்சத்தீவுப் பக்கம் போனது. நம் ஆட்கள் இருந்த திசையும் அதுதான். திரும்பி வராதவர்களைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். தப்பியவர்களில் ஒரு பகுதியினர் கரை சேர்ந்த இடத்தைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டும். கல்பேனி, கவரத்தி, செத்லத், பித்ரா என்று அதுவரை கடலுக்குப் போகும் ஆண்கள் மட்டும் புழங்கிவந்த பெயர்கள், அந்த ஒரு வாரத்தில் பெண்கள் வாயிலும் பிள்ளைகள் வாயிலும் வந்தன.

அந்தத் தீவுகளில் மலை கிடையாது, குன்று கிடையாது. கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர் உயரம்தான். 36 தீவுகளையும் சேர்த்தால் 32 சதுர கிலோமீட்டர். நம் அகஸ்தீஸ்வரம் தாலுகாவின் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். பத்துத் தீவுகளில் மட்டும் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 64,473 பேர். இவ்வளவு தாழ்ந்த தரை, புயலில் அடிபட்டு வரும் படகுக்கு என்ன மறைவு கொடுக்கும்? மறைவு கொடுப்பது தரையைச் சுற்றிக் கிடக்கும் பார்.

பெரும்பாலான லட்சத்தீவுகளில் நிலம் கிழக்கு ஓரத்தில் ஒரு கீற்றாக இருக்கும். மேற்கே வெகுதூரம் தள்ளிப் பவளப்பார் வளைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவே ஆழமில்லாத, பச்சை நீரோடும் காயல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் கச்சான் காலத்துப் பேரலைகள் வந்து பாரில் மோதி நொறுங்கும். காயலுக்குள் வெறும் சலசலப்புதான். பவளப்பார்கள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தை உடைத்துவிடுகின்றன என்று உலகின் பல கடல்களை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. தீவுகளிலேயே பெரியதான ஆந்த்ரோத்துக்குக் காயல் கிடையாது. மற்றத் தீவுக்காரர்களுக்கு இருக்கும் அந்த அமைதியான நீர் இல்லாமல்தான் ஆந்த்ரோத்துக்காரர்கள் தோணி இறக்க வேண்டும். காயலுக்குள் நுழையும் வாய் எங்கே என்று தெரியாதவனுக்கு அதே பார் எமன். மினிக்காயில் 1885இல் கலங்கரை விளக்கம் எழுந்ததற்கு, அந்தப் பக்கத்துப் பார்களில் கப்பல்கள் மோதி உடைந்ததும் ஒரு காரணம்.

இதை வாசிக்கும் குளச்சல்காரருக்கும் இனயத்துக்காரருக்கும் வேறொன்று நினைவுக்கு வரும். அதே கச்சான் அலை நம் கரையில் நேராக வீட்டுத் திண்ணையில் ஏறுகிறது. நாம் மலையை உடைத்துக் கல் கொண்டுவந்து தூண்டில் வளைவு போடுகிறோம். ஒரு ஊரைக் காத்தால் அடுத்த ஊரில் மண் அரிக்கிறது. போட்ட கல் சில மழைக்காலத்துக்குப் பின் மண்ணில் புதைய, மறுபடி டெண்டர். தீவுக்காரர்களுக்கு அந்த வேலையைக் கடல் பவளத்தைக் கொண்டு செய்து கொடுத்திருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை அது தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும்.

நமக்கும் பார் தெரியாதது இல்லை. கோவில் கோபுரத்தையும் மலை முகட்டையும் நேர்வைத்துக் கணிச்சம் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பாருக்கு மேலே கட்டுமரத்தை நிறுத்தித் தூண்டில் போட்ட தலைமுறை இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. ஆனால் நம் பார் பாறை. அதன் மேல் பவளம் ஆங்காங்கே ஒட்டி வளர்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பவள அறிஞர் சி.எஸ். கோபிநாத பிள்ளை, பழைய திருவிதாங்கூர்க் கரையின் பவளங்களை 1990களில் பட்டியலிட்டபோது நம் மாவட்டக் கரையும் அதில் வந்தது. லட்சத்தீவில் அடிநிலமே பவளம். தரையின் மணல் பவளமும் சிப்பியும் பொடிந்த மணல். கிணற்றில் ஊறும் நல்ல தண்ணீர், அந்த மணலுக்குள் கடல் நீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கும் மழைநீர். அலை உள்ளே ஏறி அந்த அடுக்கைக் கலக்கிவிட்டால் குடிதண்ணீர் போயிற்று.

ஆகவே அங்கே பாரைத் தொடாமல் ஒரு நாளும் கழியாது. பழைய பள்ளிவாசல்களும் வீடுகளும் பவளக்கல்லில் எழுந்தவை. சுண்ணாம்பும் பவளத்தைச் சுட்டு எடுத்ததுதான். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகு அந்த வழக்கம் சட்டத்துக்குப் புறம்பானது. சிமென்டும் ஜல்லியும் இப்போது கப்பலில் வருகின்றன. வீடு கட்டும் செலவு அதற்கேற்ப உயர்ந்தது. வற்றத்தின்போது பாரின் மேல்தளம் வெளியே தெரியும். பெண்களும் பிள்ளைகளும் அப்போது இறங்கிச் சோழி, சிப்பி, பொந்தில் ஒளிந்த பேய்க்கணவாய் எல்லாம் எடுப்பார்கள். கணவாயைக் கம்பியால் குத்தி எடுப்பதற்கு அங்கே ‘அப்பல் குத்தல்’ என்று பெயர். கச்சான் மாதங்களில் படகு வெளியே போக முடியாதபோது வீட்டில் உலை கொதிக்க வைப்பது இந்தப் பொறுக்கல்தான். புள்ளிவிவரத்தில் இதற்கு இடம் கிடையாது. நம் கரையிலும் பெண்கள் கடலோரத்தில் செய்யும் வேலைக்கு எந்தக் கணக்கேட்டிலும் வரி ஒதுக்கியது இல்லை.

பார் பிழைத்த கதைக்கு வருகிறேன். என்னை இதில் மிகவும் ஈர்ப்பது மினிக்காய்க்காரர்களின் சூரை மீன்பிடி. தங்கள் தீவை மலிக்கு என்று அழைக்கும் அவர்கள், மாலத்தீவுக்காரர்களின் உறவினர். விடியுமுன் காயலுக்குள் போய், பவளக் கிளைகளுக்கிடையே திரியும் பொடிமீனை வலையில் வாரி, கடல் நீர் உள்ளே வந்துபோகும்படி துளையிட்ட தொட்டியில் உயிரோடு வைத்துக்கொள்வார்கள். பாருக்கு வெளியே சூரைக் கூட்டம் தென்பட்டதும் பொடிமீனை வீசி, நீரைத் தெளிப்பார்கள். கூட்டம் வெறிபிடித்துப் படகைச் சுற்றும். வரிசையாக நிற்கும் ஆட்கள் நீண்ட கம்பில் கட்டிய தூண்டிலால் சூரையை ஒவ்வொன்றாகத் தூக்கித் தளத்தில் எறிவார்கள். தூண்டிலில் எதிர்முள் இல்லாததால் மீன் தானே கழன்று விழும். ஆமையும் சிறு சுறாவும் இதில் சிக்காது, கடலடியைத் தொடாது. பிடித்ததை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்தால் மாசி. நம் சந்தைகளில் மரக்கட்டை போலக் கிடக்குமே, அந்த மாசிக் கருவாடு.

1960களில் மீன்வளத் துறை இயந்திரப் படகுகளைக் கொடுத்து, இந்த முறையை மற்றத் தீவுகளுக்கும் பரப்பியது. வருமானத்துக்காகச் செய்த ஏற்பாடு. பாரைக் காப்பது யார் மனத்திலும் இல்லை. ஆனால் அதன் விளைவு பெரிது. தீவு மீனவரின் கண் பாருக்கு வெளியே திரும்பிவிட்டது. பாரில் உள்ள களவாவையும், கிளி அலகு போன்ற வாயால் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்களையும் வீட்டுக்குழம்புக்கும் விருந்துக்கும் மட்டும் பிடித்தார்கள். காயலில் பொடிமீன் வேண்டுமென்பதால் பவளம் கிடக்கட்டும் என்ற எண்ணமும் இருந்தது. பொடிமீன் இல்லையென்றால் சூரை இல்லை.

பிறகு 1998 வந்தது. பவளம் என்பது கல்லுக்குள் குடியிருக்கும் சிற்றுயிர்களின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசி உணவும் நிறமும் தருகிறது. வழக்கமான கோடைச் சூட்டுக்கு மேல் நீர் ஒரு பாகை கூடி, வாரக்கணக்கில் நீடித்தாலே அந்த உறவு முறிந்து, பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். அந்த ஆண்டு எல் நினோவில் லட்சத்தீவுப் பார்கள் வெளுத்தன, பெருமளவு செத்தன. செத்த பவளத்தைப் பாசி மூடிவிட்டால் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் இருக்காது. ஆனால் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்கள் இங்கே ஏராளமாக மிச்சமிருந்தன. ஆண்டுக்கணக்கில் பார்களைப் பார்த்துவரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ரோஹன் ஆர்தரும் அவரது சகாக்களும் இதை எழுதியிருக்கிறார்கள்: பாரில் மீன் பிடிக்காத பழக்கம், பார் மீண்டு எழ உதவியது. தீவுகள் காலூன்றி நிற்பதில் சூரைக்கும் பங்கு உண்டு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

தீவு மக்கள் எல்லா நேரமும் இயற்கையோடு இசைந்து வாழ்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய். ஆமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஆமை நெய்யைத் தோணிக்குப் பூசினார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை குறைந்து, அகத்தி காயலில் பச்சை ஆமைகள் பெருகின. அவை கடற்புல்லை மேய்ந்து மொட்டையடித்தன, அந்தப் புல்லில் வளரும் மீன் குறைந்தது, வலையும் கிழிந்தது. ஆமையைக் காப்பதாகச் சொல்லி எங்கள் மீனைக் கெடுக்கிறீர்கள் என்று அகத்தி மீனவர்கள் குறைபட்டபோது, அறிவியலாளர்கள் ஆராய்ந்து பார்த்து, அவர்கள் சொன்னதில் உண்மை இருப்பதைக் கண்டார்கள். பாரைப் பற்றித் தீவுக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் திட்டம் தீட்டுபவர்களுக்கு இந்த ஒரு சம்பவத்தையே நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

மன்னார் வளைகுடாவில் நேர்ந்தது வேறு. அங்குள்ள 21 தீவுகளில் குடிமக்கள் இல்லை. பாரைத் தன் வாசல் என்று காவல் காக்க அங்கே யாருமில்லை. தூத்துக்குடிப் பக்கம் பல்லாண்டுகள் பவளக்கல்லை வெட்டி, வீட்டு அடித்தளத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஏற்றினார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீருக்குள் போயின. வான் தீவு 1986இல் 16 ஹெக்டேராக இருந்தது, 2014இல் 2 ஹெக்டேருக்குச் சுருங்கியது. அதைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பார்களைச் செய்து கடலில் இறக்கினார்கள். பார் போனால் தீவும் போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கண்கண்ட சாட்சி இருக்கிறது.

லட்சத்தீவில் இப்போது மாறிவருவது சந்தை. கடந்த சில ஆண்டுகளாகப் பார் மீனுக்குப் பெருநிலத்தில் கிராக்கி. ஐஸ் வசதியும் வாங்கும் ஆட்களும் வந்ததும், குழம்புக்கு மட்டும் பிடித்த களவா விற்பனைச் சரக்காகிறது. சூரைக் கூட்டம் பிந்தினாலோ விலை விழுந்தாலோ, கடன் உள்ள மீனவர் பாருக்குத் திரும்புகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீவை ஒட்டிய கடலில் பெருநிலத்து விசைப்படகுகள் வந்து சூரையைக் கொண்டுபோவது அவர்களுக்கு நீண்டநாள் மனத்தாங்கல். அந்தப் படகுகளில் நம் மாவட்டத்தவையும் உண்டு என்பதை நாம் மறைக்கக் கூடாது. வெளியே சூரையையும் எடுத்துக்கொண்டு, உள்ளே களவாவுக்கும் விலை வைத்தால் பாருக்கு மிஞ்சுவது என்ன?

பித்ராவைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 271 பேர் மட்டும் இருந்த தீவு. ஜனவரி, பிப்ரவரி அமாவாசைகளை ஒட்டி, நாம் தை அமாவாசைக்குக் குமரி முனையில் கூடும் அதே நாட்களில், அங்கே ஒருவகைக் களவா ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடி முட்டையிடுகிறது. இவ்வளவு நெருக்கமான கூட்டம் உலகில் அரிது. மீனவர்களிடம் பேசி, அந்தச் சில நாட்கள் மட்டும் அங்கே தூண்டில் போடாதிருக்கும்படி ஆராய்ச்சியாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஓரிடத்தில் கூடும் மீனை வாருவது எளிது. இரண்டு மூன்று பருவத்தில் அந்தக் கூட்டத்தையே இல்லாமல் ஆக்கிவிடலாம். உலகின் பல பார்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

காலமும் கூடிவரவில்லை. 1998க்குப் பின் 2010, 2016, 2024 என்று வெப்ப அலைகள் பார்களை வெளுக்க வைத்தன. அகத்தி, கடமத், கவரத்தி பார்களை 24 ஆண்டுகள் அளந்த ஆய்வு, 1998இல் 37 சதவீதம் அளவில் இருந்த உயிர்ப்பவளம் 2022இல் ஏறக்குறைய 19 சதவீதத்துக்கு இறங்கியதைக் காட்டுகிறது. வெளுப்பு இல்லாமல் சுமார் ஆறு ஆண்டுகள் கிடைத்த பிறகே பவளம் வேகமாக மீள்கிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. 2016க்குப் பின் அந்த ஆறு ஆண்டுகள் கழிந்து, வேகம் பிடிக்க வேண்டிய வேளையில் 2024 வந்தது.

கடலின் சூட்டைத் தீவுக்காரர் குறைக்க முடியாது. அறுபத்து நாலாயிரம் பேர் எரித்த எண்ணெயால் வந்த சூடு இல்லை அது. பார் மீனைப் பிடிப்பதும் விடுவதும் அவர்கள் கையில் பாதி, வாங்குகிறவர் கையில் பாதி. தேங்காய்ப்பட்டினத்திலும் கொச்சியிலும் இறங்கும் களவாவில் எது தீவுப் பாரில் பிடித்தது என்று பிரித்து எழுதிவைக்கும் ஏற்பாடு வேண்டும். அந்த இரண்டு அமாவாசைகளை ஒட்டி அந்த மீனை யாரும் வாங்கக் கூடாது. தீவுகளை ஒட்டிச் சூரைக்குப் போவதில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்பதை, அதிகாரிகள் ஆணை போடும்வரை காத்திராமல், நம் ஆழ்கடல் மீனவர் சங்கங்களும் தீவு மீனவர்களும் நேரில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். கடலில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான்.

(அடுத்த வாரம்: குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க்)